குதிக்கும்போது நிற்கும் படம்

எங்கள் ஆபீஸுக்குப் போன் செய்பவர்கள் எடுத்ததும் பெயரைச் சொல்வார்கள், தெருவைச் சொல்வார்கள், பிறகு நெட் வரவில்லை என்று திட்ட ஆரம்பிப்பார்கள். அந்த அக்கா மட்டும் எடுத்ததும் என்னைத்தான் கேட்பாள்.

“பேசுதது யாரு?”

நான் என் பெயரைச் சொல்வேன்.

“போன வாரமும் நீதானா? குரலு வேற மாதிரி இருக்கே?”

ஜலதோஷம் என்பேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவாள். கம்ப்ளைண்ட் எழுத அவளுடைய போன் நம்பரைக் கேட்டால், “அதான் ஒங்கட்ட ஏற்கெனவே இருக்குல்லா, பின்ன எதுக்குக் கேக்க?” என்பாள். சரிபார்க்கத்தான் என்று சொன்னால், “அப்பம் நீ சொல்லு. சரியா தப்பான்னு நான் சொல்லுதேன்” என்பாள். இப்படிக் கம்ப்ளைண்ட் கொடுக்கிறவளை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

சங்கரன்கோவிலில் வீட்டுக்கு வீடு பைபர் வயர் இழுத்து நெட் கொடுக்கும் ஒரு சின்ன ஆபீஸில் நான் அப்போது வேலை பார்த்தேன். கம்ப்ளைண்ட் எடுப்பதுதான் என் வேலை. ஆனால் அந்த அக்கா வீட்டுக்கு மட்டும் நானே பையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. வீட்டில் அவள் ஒருத்திதான். பிள்ளை கிடையாது, வீட்டுக்காரர் மஸ்கட்டில் கட்டட வேலையில். ஆம்பிளை ஆளை அனுப்பினால் கதவைத் திறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். “நீயே போயி என்னன்னு பாத்துட்டு வா தாயி. அந்த அம்மாகிட்ட என்னால மல்லுக்கட்ட முடியாது” என்று எங்கள் முதலாளி அண்ணாச்சி என்னைத் தள்ளிவிட்டார். வயர் வேலை எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். அந்த வீட்டுக்குப் போய்ப் போய்த்தான் அது முக்காலுக்கு வந்தது.

சந்தேகம் அவளுக்குச் சாப்பாடு மாதிரி, வேளாவேளைக்கு வேண்டும். பூக்கடையில் பிச்சிப்பூ வாங்கினால் சரத்தை நடுவில் விரித்துப் பார்ப்பாள். இரண்டு ஓரத்திலும் நல்ல பூவை வைத்து, வாடியதை நடுவில் ஒளித்துக் கட்டுவார்களாம். கோவிலில் பிரசாதமாகத் தரும் புற்றுமண்ணை வாங்கும்போது கொடுத்தவரிடம், “இது இன்னைக்கு எடுத்ததா, நேத்தைய மிச்சமா?” என்று கேட்டதை நானே பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். “மண்ணுல என்னம்மா நேத்து, இன்னைக்கு?” என்றார் அவர். “அது எனக்கு எப்படித் தெரியும்? ஒங்களுக்குத்தான தெரியும்” என்று சொல்லி, அவர் முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொண்ட பிறகுதான் நெற்றியில் பூசினாள்.

ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் செருப்பு காணாமல் போவது ஊரில் எல்லாருக்கும் நடப்பது. அக்காவுக்கு மட்டும் நடந்ததில்லை. ஒரு செருப்பைத் தேங்காய்க் கடை ஓரத்திலும் மற்றொன்றை எதிர்ச்சாரியில் இருக்கும் பாத்திரக்கடை ஓரத்திலும் விட்டுவிட்டு உள்ளே போவாள். “ஒத்தச் செருப்ப எவன்டி களவாங்குவான்?” என்பாள். ஒரு தடவை கூடப் போயிருந்த எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் திரும்பி வந்தபோது என் செருப்பைத்தான் காணோம். சுடுகிற ரோட்டில் வெறுங்காலோடு நான் குதித்துக்கொண்டே நடந்தேன். அக்கா இரண்டு கடைக்கும் போய் இரண்டு செருப்பையும் மாட்டிக்கொண்டு ஒன்றும் பேசாமல் கூட வந்தாள். அப்படிப் பேசாமல் வந்ததுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

எரிச்சல் வரும், இருந்தாலும் எனக்கு அவளைப் பிடிக்கும். எதையும் அப்படியே விழுங்காத ஒருத்தியை ஊரில் வேறெங்கே பார்க்க முடியும்?

முதல் தடவை அவள் வீட்டுக்குப் போனபோது டிவியில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. படம் கொஞ்சம் ஓடும், நிற்கும், நடுவில் அந்த வட்டம் வந்து சுற்றும், மறுபடி கொஞ்சம் ஓடும். எங்கள் தொழிலில் இதற்குப் பஃபரிங் என்று பெயர். மோடம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அக்கா வாசலை எட்டிப் பார்த்தாள், ஜன்னலைச் சாத்தினாள், பிறகு இடுப்பிலிருந்து சாவியை எடுத்து பீரோவைத் திறந்தாள். பட்டுச்சேலை அடுக்குக்குப் பக்கத்தில், மஞ்சள் துணி போர்த்தி, மோடம் மினுக்கிக்கொண்டிருந்தது. பீரோவின் பின்பக்கம் ஓட்டை போட்டு வயரை உள்ளே விட்டிருந்தாள்.

“அக்கா, இரும்பு பீரோவுக்குள்ள வச்சிப் பூட்டுனா சிக்னல் எப்படி வெளிய வரும்?”

“வெளிய வரக்கூடாதுன்னுதான வச்சிருக்கேன். பக்கத்து வீட்டுக்காரி சும்மா உறிஞ்சுதா.”

“அவங்களுக்குப் போகாட்டா ஒங்க டிவிக்கும் போகாதுல்லா?”

“டிவி என் வீட்டுலதான இருக்கு? அதுக்குப் போனாப் போதும்.”

பாஸ்வேர்டு தெரியாமல் யாரும் உறிஞ்ச முடியாது என்று விளக்கினேன். பாஸ்வேர்டை யார் போட்டது என்று கேட்டாள். எங்கள் ஆபீஸ்தான் என்றேன். “பின்ன?” என்று கேட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். கடைசியில் நான் வெளியே போய் முற்றத்தில் நின்றுகொள்ள, அவளே புதிதாக ஒன்றைப் போட்டுக்கொண்டாள். மோடம் பீரோவை விட்டு வெளியே வந்து அலமாரியின் மேல் தட்டில் உட்கார்ந்தது. மஞ்சள் துணியை மட்டும் எடுக்க விடவில்லை.

அவள் பார்த்தது மஸ்கட் வாலிபால். பெரிய போட்டி எல்லாம் இல்லை. அங்கே கம்பெனிகளில் வேலை பார்க்கும் ஆட்கள் வெள்ளிக்கிழமை லீவில் கேம்ப் மைதானத்தில் ஆடுவார்கள். அங்கே சாயங்காலத்துக்கு முந்தி தொடங்கினால் இங்கே விளக்கு வைக்கிற நேரம். யாராவது ஒருவர் போனில் அதை லைவ் போடுவார், ஒரு மலையாளி பக்கத்தில் நின்று கத்திக்கொண்டே இருப்பார். அக்காவின் வீட்டுக்காரர் அந்த டீமில் முக்கியமான ஆள், ஏழாம் நம்பர் சட்டை. வெள்ளிக்கிழமை ஆனால் அக்கா சீக்கிரமே விளக்கேற்றிவிட்டு, சாமிக்குக் கோபம் வருமோ என்று அதிலும் ஒரு சந்தேகத்தை வைத்துக்கொண்டு, டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவாள். வட்டம் சுற்றத் தொடங்கியதும் எனக்குப் போன் வரும். எங்கள் ஆபீஸில் அவளுக்கு வெள்ளிக்கிழமை என்றே பெயர். “வெள்ளிக்கிழமை பேசுது, எடு” என்பார்கள்.

வீட்டுக்காரருக்கு இளையரசனேந்தல் பக்கம். இந்த வட்டாரத்தில் அந்தக் காலத்தில் வாலிபால் பார்த்தவர்களுக்கு அவரைத் தெரியும். இடது கைக்காரர். வலது பக்கத்தைக் காத்துக்கொண்டு நிற்பவர்களை ஏமாற்றி இடது கையால் ஓங்கி அடிப்பார். பெண் பார்க்க வந்தபோதும் காபியை இடது கையால்தான் வாங்கினாராம். பெரியவர்கள் முகம் சுளிக்க, கல்யாணப்பெண் தட்டோடு நின்றபடியே, “வலது கைக்கு என்ன கோளாறு?” என்று நேராகக் கேட்டிருக்கிறாள். அவர் சிரித்துவிட்டு வலது கையையும் தூக்கி விரல்களை மடக்கி விரித்துக் காட்டினாராம். “அம்புட்டு பேரு இருக்கச்சில கோவப்படாமக் காமிச்சாரு பாத்துக்க. அதான் சரின்னு சொன்னேன்” என்றாள். கதை சொல்வது அவளுக்குப் பழக்கமில்லை. சொன்னதும் வெட்கம் வந்து அடுப்படிக்குள் போய்விட்டாள்.

பீரோவிலிருந்து எடுத்த பிறகு பஃபரிங் பாதி குறைந்தது. ஆனால் மீதிப் பாதி ஒரு தினுசாக இருந்தது. ஆட்கள் நிற்கும்போது, நடக்கும்போது, பந்தைப் பொறுக்கும்போது படம் ஓடும். பந்து உயரே எழும்பி ஏழாம் நம்பர் ஓடிவந்து குதித்ததும் நின்றுவிடும். வட்டம் சுற்றும். மறுபடி படம் வரும்போது எல்லாரும் கை தட்டிக்கொண்டிருப்பார்கள்.

“எல்லாத் தடவையும் அவரு குதிக்கும்போதுதான் நிக்குது. அதெப்படி?” என்றாள் அக்கா.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஆள் சும்மா நின்றால் படத்தில் மாறுவது கொஞ்சம், அனுப்ப வேண்டியதும் கொஞ்சம். எல்லாரும் ஒரே நேரத்தில் ஓடிக் குதித்தால் அனுப்ப வேண்டியது நிறைய. அங்கே போனிலிருந்து ஏறுவதும் மெதுவாக, இங்கே சுவரைத் தாண்டி டிவிக்கு வருவதும் மெதுவாக இருந்தால் அந்த இடத்தில் மாட்டிக்கொள்ளும்.

“மத்தவன் குதிக்கும்போது?”

“அப்பமும் நிக்கும்க்கா. நீங்க கவனிச்சிருக்க மாட்டிய.”

“நான் கவனிக்காம இருப்பேனா?” என்றாள். அது நியாயமான கேள்விதான்.

ஒரு வழி சொன்னேன். லைவை அப்படியே பார்க்காமல் அரை நிமிடம் நிறுத்தி வைத்துவிட்டு, பின்னால் இருந்து பார்த்தால் டிவி முன்கூட்டியே கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொள்ளும், நிற்காது. அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “அந்த அரை நிமிசத்துல அங்கன என்ன நடக்குன்னு எனக்கு யாரு சொல்லுவா?” என்றாள். அந்த வழி அதோடு போயிற்று. படத்தின் தெளிவைக் குறைத்து வைக்க மட்டும் சம்மதித்தாள். ஆட்கள் எல்லாம் கலர்ப் பொட்டலங்களாக ஓடினார்கள். முகம் தெரியாது, ஏழு என்ற நம்பர் மட்டும் தட்டுத்தடுமாறித் தெரியும். அப்படியும் குதிக்கும்போது நின்றது.

பொங்கல் கழிந்து கொஞ்ச நாளில் அவளுடைய சந்தேகம் எங்கள் ஆபீஸை விட்டு மஸ்கட்டுக்குப் போய்விட்டது. முன்னால் எல்லாம் அவர் அடித்தால் அந்த மலையாளி “லெஃப்ட்! லெஃப்ட்!” என்று தொண்டை கிழியக் கத்துவாராம். இப்போது கத்துவதில்லை. “ஏழு, ஏழு” என்று நம்பரை மட்டும் சொல்கிறாராம். படமும் முன்னால் ஆடாது, இப்போது ஆடுகிறதாம். அது மட்டுமில்லை, வீடியோ காலிலும் அவர் பேசிக்கொண்டே இருக்கும்போது நடுவில் அப்படியே நின்றுவிடுகிறாராம். நான் வந்து ஸ்பீடு பார்த்தேன். எங்கள் பக்கம் ஒரு குறையும் இல்லை.

“இங்கன நல்லாத்தான் இருக்குக்கா. அங்கனதான் என்னமோ.”

“அதத்தான்டி நானும் சொல்லுதேன். அங்கனதான் என்னமோ.”

தெருவில் இதற்கு வேறு அர்த்தம் வைத்திருந்தார்கள். புருசனுக்கு அங்கே யாரோ இருக்கிறார்கள் என்று இவள் வேவு பார்க்கிறாளாம். கேலரியில் எந்தப் பொம்பளை உட்கார்ந்திருக்கிறாள் என்று தேடுகிறாளாம். அந்தக் கேம்ப் மைதானத்தில் கேலரியே கிடையாது, பொம்பளையும் கிடையாது. அதைச் சொன்னாலும் யாரும் கேட்கப்போவதில்லை. எங்கள் முதலாளியே, “பாவம் அந்த மனுசன், கடலத் தாண்டிப் போயும் தப்பிக்க முடியல” என்று சிரித்தார். எனக்கும் உள்ளே அப்படி ஒரு எண்ணம் இருந்தது. ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

“அக்கா, அவரு மேல எதுவும் சந்தேகமா?”

அவளுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. நான் என்னவோ முட்டாள்தனமாகப் பேசிவிட்டதைப் போலப் பார்த்தாள்.

“அவரு மேல எதுக்குட்டி சந்தேகம்? அவருக்குத்தான் ஒண்ணையும் மறைக்கத் தெரியாதே. அவரச் சுத்தி இருக்கவங்க மேலதான். அந்தக் கம்பெனிக்காரன், சோறு போடுதவன், சாரம் கட்டுதவன். எவன் ஒழுங்காக் கட்டுதான்னு யாரு கண்டா? நல்லாருக்கேன், நல்லாருக்கேன்னு அவரு சொல்லுவாரு. அவரு எப்பமும் அப்படித்தான் சொல்லுவாரு. குதிச்சு அடிக்கத ஒரு தடவ முழுசாப் பாத்துட்டேன்னு வையி, நெசமாவே ஆளு நல்லாருக்காருன்னு தெரிஞ்சுக்கிடுவேன். அதுக்குத்தான் இந்தப் பாடு.”

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. ஊர் முழுக்க எல்லாரையும் சந்தேகப்பட்டது அந்த ஒரு ஆளுக்காக. எனக்கு அவள் மேல் இருந்த எரிச்சல் எல்லாம் போய்விட்டது. எப்படியாவது அந்த ஒரு குதியை நிற்காமல் காட்டிவிட வேண்டும் என்று எனக்கே ஒரு வீம்பு வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானமே போனேன். காற்றில் சிக்னல் வந்தால்தானே சுவர் தடுக்கும், மோடத்திலிருந்து டிவிக்கு நேராக லேன் வயர் இழுத்துவிடுவோம் என்பது திட்டம். வயரை அவள் கையில் வாங்கி நெளித்துப் பார்த்தாள். “உள்ள நெசமாவே செம்பு இருக்கா?” என்றாள். ஒரு துண்டை வெட்டிச் சீவிக் காட்டினேன். சுவரோரமாகக் கிளிப் அடித்து, கதவு நிலையைச் சுற்றி, டிவிக்குப் பின்னால் கொண்டுபோய்ச் செருகினேன். தெளிவையும் பழையபடி உயர்த்தி வைத்தேன்.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. லைவ் வந்தது. அக்கா “ஆத்தாடி” என்றாள். மைதானத்தில் போட்டிருந்த சுண்ணாம்புக் கோடு தெரிந்தது, வலையில் ஒரு இடத்தில் முடிச்சுப் போட்டிருந்தது தெரிந்தது. படம் ஆடத்தான் செய்தது, ஆனால் நிற்கவில்லை. ஏழாம் நம்பர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். பந்து உயர்ந்தது. ஏழு ஓடிவந்து குதித்தது. வட்டம் வரவே இல்லை. கை சுழன்று பந்தை அடித்து, பந்து அந்தப் பக்கம் மண்ணைத் தொட்டது வரை பார்த்தோம்.

“நிக்கலக்கா! பாத்தியளா!” என்று கத்திவிட்டேன். பாராட்டு வாங்கலாம் என்று திரும்பினால், அக்காவின் முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

“எந்தக் கைட்டி?”

எனக்கு முதலில் புரியவில்லை.

“அடிச்சது எந்தக் கை?”

யோசித்துப் பார்த்தேன். வலது கை.

“திருப்பிப் போடு.”

திருப்பிப் போட்டேன். வலது கைதான். அடித்துவிட்டு அந்த ஆள் திரும்பியபோது முகமும் தெரிந்தது. தாடி வைத்த சின்ன வயது ஆள். சுவரில் கல்யாணப் போட்டோ மாட்டியிருந்தது. இரண்டு முகத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. முதுகில் மட்டும் அதே ஏழு.

இத்தனை நாள் அந்த வட்டத்தைத் திட்டியவள்தான் நான். அது இப்போது வந்து எல்லாவற்றையும் மறைத்துத் தொலையக்கூடாதா என்று இருந்தது. அது வரவில்லை. வேலையை நன்றாகத்தான் செய்திருந்தேன்.

“உக்காந்திருக்கவங்கள்ல பாரு” என்றாள். பார்த்தோம். வெளியே பெஞ்சில் இருந்த ஒவ்வொரு முகமாகப் பார்த்தோம். தண்ணீர் கொடுத்தவரைப் பார்த்தோம். அவர் எங்கும் இல்லை. “நேத்துக்கூடப் பேசினாரே” என்றாள் மெதுவாக. ஆட்டம் முடியும்வரை கண்ணை எடுக்கவில்லை. நான் எழுந்தேன். “நீ போவாதட்டி” என்று என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

வழக்கமாக ஆட்டம் முடிந்து ஆறஅமர அவர்தான் கூப்பிடுவார். எப்போதும் ஒரு வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்றுதான் பேசுவார். அன்றைக்கு அக்கா காத்திருக்கவில்லை. ரூமுக்கு வந்திருப்பார் என்று அவளே வீடியோ காலில் கூப்பிட்டாள். ஒரு தடவை அடித்து நின்றது. மறுபடி போட்டாள். எடுத்தார். பின்னால் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்ட இரும்புக் கட்டில் தெரிந்தது. கழுத்து வரைக்கும்தான் அவர் தெரிந்தார்.

“என்னட்டி, அதுக்குள்ள கூப்பிட்டுட்ட? பாத்தியா இன்னைக்கு ஆட்டத்த?”

“பாத்தேன். நல்லா அடிச்சிய.”

“ஆங்” என்று சிரித்தார்.

“இடது கையக் கொஞ்சம் தூக்கிக் காமிங்க.”

சிரிப்பு அப்படியே நின்றது. முகமும் நின்றது. வாய் பாதி திறந்தபடி, கண் எங்களைப் பார்த்தபடி, ஒரு அசைவும் இல்லை. சத்தமும் இல்லை. ஐயோ, இந்த நேரத்திலா மாட்டிக்கொள்ள வேண்டும் என்று நான் மோடத்தைத் திரும்பிப் பார்த்தேன். எல்லா விளக்கும் ஒழுங்காக எரிந்துகொண்டிருந்தது.

அக்கா போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள். பிறகு என் பக்கம் திருப்பி, விரலால் ஒரு இடத்தைக் காட்டினாள். அவருக்குப் பின்னால் மேல்கட்டிலில் யாரோ படுத்திருக்க வேண்டும். ஒரு கால் மட்டும் கீழே தொங்கியது. ஏதோ பாட்டுக் கேட்கிறார் போல, அந்தக் கால் தாளம் போட்டு ஆடிக்கொண்டே இருந்தது.

நெட் நிற்கவில்லை. பதில் சொல்லாமல் தப்பிக்க அவர்தான் அசையாமல் நின்றுகொண்டிருந்தார். இத்தனை நாள் நான் ஸ்பீடு பார்த்துப் பார்த்துக் குறை கண்டுபிடிக்க முடியாமல் திரும்பியது எதனால் என்று அப்போது தெரிந்தது. அக்கா சத்தம் போடப்போகிறாள், வாய்க்கு வந்தபடி கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

“கண்ணு எரியும்லா” என்றாள். “இமைச்சுக்கோங்க.”

அவர் இமைக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். ஒரு கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி மீசைக்கு வந்தது. அதற்குமேல் முடியாமல் மூச்சை விட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

பொங்கலுக்கு முந்தி சாரம் சரிந்து விழுந்திருக்கிறார். உயிருக்கு ஒன்றும் இல்லை. இடது கை முழங்கைக்குக் கீழே வேலை செய்யவில்லை. நரம்பு போய்விட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். கம்பெனியில் வாட்ச்மேனாகக் கேட்டில் உட்கார வைத்திருக்கிறார்கள். இதையெல்லாம் நாலைந்து துண்டாகச் சொன்னார். சொன்னால் உடனே கிளம்பி வா என்பாய், ஒற்றைக் கையோடு ஊரில் வந்து இறங்கி யார் முகத்தில் முழிக்க என்றார். “அந்தப் பையன்ட்ட நாந்தான் கெஞ்சி என் சட்டையப் போட்டுக்கிடச் சொன்னேன். கத்துதவர்ட்டயும் பேரச் சொல்ல வேண்டாம்னு சொன்னேன். நீ வெள்ளிக்கிழம ஆனா பாத்துக்கிட்டே இருப்பியேட்டி.”

“ஒங்கள அங்கன எங்கயும் காணலியே? பெஞ்சுல எல்லாம் தேடினேனே?”

“நாந்தான் படம் பிடிக்கேன். போன் பிடிக்க ஒரு கை போதும்லா.”

அக்கா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள்.

“அதான் படம் இந்த ஆட்டம் ஆடுதா? நான் நெட்டுக்காரங்களல்லா ஏசினேன்.”

அவருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. “காமிக்கேன், இரு” என்று போனை எதிலோ சாய்த்து வைத்துவிட்டு, வலது கையால் முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றத் தொடங்கினார். ஒற்றைக் கையால் அது சட்டென்று வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தார்.

“வேண்டாம்” என்றாள் அக்கா. “கழட்ட வேண்டாம். டிக்கெட்டப் போட்டு வீட்டுக்கு வாங்க.”

அவர் கையை எடுத்துவிட்டார்.

“இப்பம் வலிக்குதா?” என்று கேட்டாள்.

“இல்லட்டி. வலி ஒண்ணும் இல்ல. நல்லாருக்கேன்.”

அந்த முகத்தைப் பார்த்தால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அது பொய் என்று. நான் அக்காவைப் பார்த்தேன். அவள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தாள்.

“சரி” என்றாள். “நம்புதேன்.”